மேகம் மூடிய பிறகு வருகிற அருவி

மூன்று வருடங்களாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரெயூனியன் தீவில், சலாசிப் பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் மலைச் சுவர்களில் எங்கெங்கே அருவி விழுகிறது என்று, வீட்டில் உட்கார்ந்தபடி கணினியில் தேடித் தேடிச் சேர்த்த பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், எந்தப் படத்தில் தெரிந்தது என்கிற குறிப்பு. அதில் 23ஆம் எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே அழித்தேன். ‘அருவி இல்லை, வெறும் பாறை’ என்று பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அந்த வரி என்னை இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் பிறந்த காரைக்காலில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மலையை முதலில் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில் குற்றாலம் போனபோதுதான். வேலை நிமித்தம் இங்கே வந்து, கிழக்குக் கரையில் சேன்ட் ஆந்த்ரேவில் குடியேறியபோது, வீட்டு மாடியிலிருந்து தென்மேற்கே தெரிந்த மலையைப் பார்த்துக் கொஞ்ச நாள் பேச்சே வரவில்லை. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான் மொத்தத் தீவு. அதற்குள் 3,070 மீட்டருக்கு பித்தோன் தெ நேஜ் சிகரம் எழுந்து நிற்கிறது. அது அடங்கிப்போன எரிமலை. அதைச் சுற்றி மலை சரிந்தும் ஆறுகள் அரித்தும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள்தான் சலாசி, மாஃபாத், சிலாவோஸ். விளிம்பிலிருந்து பள்ளத்துக்குள் தண்ணீர் விழாமல் வேறு எங்கே போகும்? சலாசிக்குப் போகிற மலைச்சாலையில் மழைக்காலத்தில் காரின் மேலேயே சில இடங்களில் தண்ணீர் கொட்டும். ‘மணப்பெண்ணின் முக்காடு’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்த அருவியைச் சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் படம் எடுப்பார்கள். என்னைப் பிடித்துக்கொண்டதோ பெயர் இல்லாத மற்றவை. அவை எத்தனை, எங்கே?

திரையில் தேடுவது

தேடுவதற்கு இந்தத் தீவில் கிடைக்கிற வசதி வேறு எங்கும் எனக்குக் கிடைத்திருக்காது. இது பிரான்சின் மாவட்டம் என்பதால், பிரெஞ்சு தேசிய நில வரைபட நிறுவனமான ஐஜிஎன் எடுக்கும் படங்களும் உயரத் தரவுகளும் இதற்கும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் அவற்றில் பெரும்பகுதியை இலவசமாகத் திறந்து விட்டார்கள். அதிலும் லைடார் தரவு எனக்குப் புதையல் மாதிரி. விமானத்திலிருந்து லேசர் கதிரைக் கீழே அடிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாகப் பத்துத் துடிப்புகள். பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்பிவிடும், சில மட்டும் இலைகளுக்கு இடையில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். அந்தக் கடைசித் திரும்பல்களை மட்டும் பிரித்து எடுத்தால் காடு முழுவதும் மறைந்து, மலை தோலுரித்த மாதிரி திரையில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளமாகத் தெரிகிற இடத்தில் ஓடை எங்கே ஓடுகிறது, எந்த இடத்தில் தடாலென்று நூறு மீட்டர் இறங்குகிறது என்பதெல்லாம் கோடு போட்டுக் காட்டிவிடும்.

இதற்கு முன்னால் நான் பயன்படுத்தியது உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்தில் ராடார் வைத்துப் பதினோரு நாளில் எடுத்தது. சமவெளிக்கு அது போதும். இங்கே செங்குத்துச் சுவர் ஒன்று 150 மீட்டர் உயரம் இருந்தாலும், மேலிருந்து பார்க்கையில் அதற்கு அகலமே கிடையாது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் அது கரைந்து ஒரு சரிவாகிவிடும். அருவி தேடுகிறவனுக்கு அடிப்படையான சிக்கலே இதுதான். அருவி நெட்டுக்குத்தாக நிற்கிற பொருள், படமோ தலைக்கு மேலிருந்து எடுத்தது.

இதையெல்லாம் எனக்கு முதலில் புரியவைத்தவர் கணினியைத் தொடவே தொடாத ஓர் அண்ணன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். தீவு முழுவதற்கும் 25,000க்கு ஒன்று என்ற அளவில் ஐஜிஎன் போட்ட ஆறு காகித வரைபடங்களும் அவர் வீட்டு அலமாரியில் மடிப்பு கிழிந்து இருக்கும். ஒன்றை மேஜையில் விரித்து, சமஉயரக் கோடுகள் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். “தம்பி, கோடு நெருங்க நெருங்கச் செங்குத்து. கோடெல்லாம் ஒண்ணாப் போயி பாறைக் குறி போட்டிருக்கு பாரு, அந்த இடத்துல நீலக்கோடு குறுக்க போச்சுன்னா அங்க தண்ணி விழுது. இவ்வளவுதான் சங்கதி.” நான் மென்பொருளில் மணிக்கணக்கில் செய்வதும் இதேதான். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரை ஊற்றினால் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது பள்ளமோ அதற்குப் போகும் என்று கணக்குப் போட்டு, கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஓடை தானாக உருவாகும். அந்த ஓடையின் நீளவாக்கில் உயரத்தை வரைந்தால் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு வரும். பெரிய படி எங்கே இருக்கிறதோ அங்கே அருவி.

ஆனால் படி இருந்தால் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். அதற்குத்தான் செயற்கைக்கோள் படங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை கடந்து போகும். படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். நான்கைந்து மீட்டர் அகலமுள்ள அருவி அதில் தனியாகத் தெரியாது என்றாலும், கரும்பச்சைச் சுவரில் வெள்ளை நுரை விழுந்தால் அந்தப் புள்ளி கொஞ்சம் வெளுத்துக் காட்டும். வெளுத்ததெல்லாம் அருவி என்று நம்பிவிடக் கூடாது. புதிதாக மண் சரிந்த இடமும் அப்படித்தான் வெளுத்துத் தெரியும். எனவே நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். தெளிவான படங்களில் பாதிக்கு மேல் வெள்ளை தெரிந்தால் அருவி. எப்போதோ ஒருமுறை தெரிந்தால் மண்சரிவு அல்லது படக்கோளாறு. நல்ல, நியாயமான விதி என்றுதான் நினைத்தேன்.

23ஆம் எண் இந்த விதியில் தோற்றது. லைடாரில் 128 மீட்டர் படி மிகத் துல்லியமாக இருந்தது. ஆனால் அதற்கு மேலே தண்ணீர் சேர்கிற பரப்பு அரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. இரண்டு வருடப் படங்களில் இரண்டே முறை ஒரு புள்ளி வெளுத்திருந்தது. விமானப் படத்தில் சுவர் காய்ந்து கிடந்தது. நீர் வழிந்த கறைகூட இல்லை. அழித்தேன்.

ஷுஷு பந்தல்

அதற்குப் பிறகு ஒரு நாள் 22ஆம் எண்ணை நேரில் பார்க்கப் போனேன். வருடம் முழுவதும் விழுகிற அருவி அது, கீழே ஒரு சிறு குடியிருப்பு. அங்கே தன் வீட்டுப் பந்தலில் காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். சலாசி முழுக்கப் பந்தல் போட்டு வளர்ப்பது நம் சௌசௌக் காய்தான், இங்கே அதற்கு ஷுஷு என்று பெயர். பெரியவர் மல்பார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வழிவந்தவர். தமிழ் அவர் வீட்டில் எப்போதோ போய்விட்டது, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுகிறார். ஆனால் வாசலில் சிவப்பு வண்ணம் பூசிய சின்னக் கோயிலில் நிற்பவரை மார்தெவிரின் என்கிறார். மதுரைவீரன். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டதும் நான் வந்த வேலையை மறந்து சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கைபேசியில் என் வரைபடத்தைக் காட்டி, 22ஆம் எண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கிச் சுவரின் இன்னொரு இடத்தைக் காட்டி, “அதைக் கேட்கிறாயா?” என்றார். அங்கே ஒன்றும் இல்லை. காய்ந்த கறுப்புப் பாறை, அதன் உச்சியில் நாலைந்து மரப்பெரணிகள். ஆனால் அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் அழித்த 23.

அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். அது வெளியே வரும்போது நாங்கள் ரதியேயைக் கடப்பதில்லை என்றார். ‘அங்கே இருக்கிறது’ என்று சொல்லவில்லை, ‘வெளியே வரும்’ என்றார். ரதியே என்பது ஓடையின் குறுக்கே தாழ்வாகக் கான்கிரீட் போட்ட சாலை. தண்ணீர் குறைவாக ஓடும்போது வண்டி அதன் மேலேயே போகும், வெள்ளத்தில் முங்கிவிடும். மழைக்காலத்தில் ரதியேயைக் கடக்கப் பார்த்து அடித்துச் செல்லப்பட்டவர்கள் பற்றிய செய்தி இந்தத் தீவுக்குப் பழகிப்போன துயரம். அந்தக் குடியிருப்புக்கு இருப்பது ஒரே ரதியே. அவர் அப்பா காலத்திலிருந்து வழக்கம் இதுதான். சுவரில் வெள்ளை தெரிந்தால் பிள்ளைகளை இந்தப் பக்கம் நிறுத்திக்கொள்வார்கள். அப்போது ரதியேயில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அரை சதுர கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 25,000 கனமீட்டர் தண்ணீர். ஏற்கெனவே ஊறிப்போன செங்குத்துச் சரிவில் அது நிலத்துக்குள் இறங்க இடமில்லை, மொத்தமும் வழிந்தால் வினாடிக்கு ஏழு கனமீட்டர். பரப்பு சிறியது என்பதால் மழை தொடங்கிய சில நிமிடங்களில் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும், மழை விட்டதும் நின்றுவிடும். ரதியே இருக்கும் ஓடைக்குத் தண்ணீர் வருவதோ பல மடங்கு பெரிய பரப்பிலிருந்து. மூலை முடுக்கெல்லாம் சேர்ந்து வந்து சேர அதற்கு நேரம் பிடிக்கும். ஆக, சின்னப் பரப்பு முந்திக்கொண்டு சேதி சொல்கிறது. ‘பரப்பு போதாது’ என்று நான் எதைக் காரணம் காட்டி அழித்தேனோ, அந்தக் காரணத்தால்தான் அது அந்த ஊருக்கு உயிர்காக்கும் அடையாளமாக இருக்கிறது.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றாலத்துக்குப் போகிற எவரும் ‘அருவி எங்கே இருக்கிறது’ என்று கேட்பதில்லை. ‘தண்ணி விழுதா’ என்றுதான் கேட்பார்கள். சீசன் என்ற ஒரு சொல்லில் அத்தனையும் அடக்கம். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை என்று நாளிதழில் வருவதைச் சின்ன வயதிலிருந்து படித்து வளர்ந்தவன் நான். இடம், நேரம், எச்சரிக்கை மூன்றும் ஒரே அருவியில் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்ததும் இடம் மட்டும் மிஞ்சி, மற்ற இரண்டும் போய்விட்டன.

ஏழு எண்ணும் வரை

போன வருடம் ஜனவரியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடியற்காலை அண்ணன் கூப்பிட்டார். “கிளம்பு தம்பி, இப்பப் போனாத்தான்.” ரதியே பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்க மேட்டில், பிரதான சாலையிலேயே ஒரு வளைவில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது, எதிரே வெறும் வெள்ளை மேகம். அண்ணன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் ஏழு மணி வாக்கில் மேகம் ஒரு பக்கம் கிழிந்தது.

அது பாறையைத் தொடவே இல்லை. உச்சியில் எரிமலைக் குழம்பு இறுகிய கெட்டியான அடுக்கு ஒன்று மாடத்தின் சன்னல் மேல்பலகை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் கீழே இருந்த இளகிய அடுக்கு அரிபட்டு உள்வாங்கியிருந்தது. தண்ணீர் அந்தப் பலகையிலிருந்து எம்பி வெளியே குதித்து, சுவருக்கும் தனக்கும் நடுவில் இருட்டை விட்டு, காற்றிலேயே கீழே போனது. விமானப் படத்தில் கறை இல்லாததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது, ஈரம் படச் சுவரே இல்லை. உயரத் தரவில் ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தான் எழுத முடியும். நீட்டிய பலகைக்குக் கீழே உள்ள குடைவை அதில் எழுத இடமே கிடையாது. தண்ணீர் நேர்க்கோடாகவும் விழவில்லை. மேலே ஒரு கட்டியாகக் கிளம்பி, நடுவில் சிதறி, அம்பு முனை மாதிரி கூர் கூராகப் பிரிந்து, ஒவ்வொரு கூரும் தனக்குப் பின்னால் புகையை இழுத்துக்கொண்டு இறங்கியது. அண்ணன் ஒரு கூரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாவது எண்ணில் அது கீழே மரங்களுக்குள் மறைந்தது. கல்லைப் போட்டால் 128 மீட்டருக்கு ஐந்து வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். தண்ணீர் உடைந்து தூளாகிவிடுவதால் காற்று அதைப் பிடித்துத் தடுக்கிறது, அந்த இரண்டு வினாடி காற்றின் கைங்கரியம். பட்டியலில் நான் எழுதி வைத்த 128 என்ற எண்ணுக்குள் இது எதுவும் இல்லை.

ஒன்பதரைக்குள் மேகம் மறுபடி மூடிவிட்டது. வண்டியில் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. சென்டினல்-2 இந்தத் தீவின் மேலே வருவது காலை பத்தரை மணியை ஒட்டி. இங்கே மலையேறுகிற எல்லோருக்கும் தெரியும், மேகம் ஏறுவதற்கு முன்னால், விடிந்ததும் காட்சிமுனைக்குப் போய்விட வேண்டும், பத்து மணிக்கு ஒன்றும் தெரியாது. தென்கிழக்குக் காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் மலையில் முட்டி மேலேறி மேகமாகிற நேரம் அது. விமானத்தில் படம் எடுப்பவர்களும் வானம் வெளுத்த நாளாகப் பார்த்துத்தான் பறக்கிறார்கள். படத்துக்குத் தெளிந்த வானம் வேண்டும், 23க்கு அடைமழை வேண்டும். இரண்டும் சந்திக்கிற நாள் கிட்டத்தட்ட இல்லை. வருடத்தில் எழுபது முறை படம் வந்தாலும், மழையை நம்பி வாழ்கிற அருவி அத்தனையிலும் தப்பிவிடும். ராடார் செயற்கைக்கோள் மேகத்தைத் துளைக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது சாய்ந்து பார்ப்பதால் செங்குத்துச் சுவரின் உச்சியும் அடிவாரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். 24 மணி நேர மழைக்கான உலகச் சாதனையே இந்தத் தீவினுடையதுதான். 1966 ஜனவரியில் எரிமலைச் சரிவில் உள்ள ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அப்படிப்பட்ட நாளில் இந்தச் சுவர்களில் எத்தனை அருவிகள் வெளியே வந்திருக்கும்! ஒன்றைக்கூட எந்தக் கருவியும் மேலிருந்து பார்த்திருக்க முடியாது.

கருவிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெலூவ் காட்டுக்குப் பின்னால் இருக்கும் துரூ தெ ஃபேர் என்ற பெரும் குழிக்குள் மனிதர்கள் முதன்முதலாக இறங்கியதே 1989இல்தான். இன்று அதன் அடிப்பகுதியை லைடாரில் நான் சோற்றுத் தட்டு மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அது சாதாரணக் காரியம் இல்லை. என் கோபம் என் விதியின் மீது. எப்போதும் தெரிவதுதான் உண்மை, எப்போதோ தெரிவது பிழை என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்!

வரைபடத்தில் என்ன எழுதுவது

இப்போது அடுத்த கேள்வி வந்தது. எல்லோரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் என் அருவிகளைச் சேர்ப்பது வழக்கம். 23ஐயும் சேர்ப்பதா? ‘இடைவிட்டு ஓடுவது’ என்று குறிக்க அதில் வசதி இருக்கிறது. ஆனால் புள்ளி வைத்தால் ஆள் வருவார்கள். அதுவும் மழை நாளில் வருவார்கள், மழை நாளில்தானே அது தெரியும்? ரதியேயைக் கடக்கக் கூடாத அந்த ஒரு மணி நேரத்துக்கே வெளியூர் ஆளை நான் அழைத்து வருகிற மாதிரி ஆகும். இரண்டு வாரம் யோசித்தும் முடிவுக்கு வர முடியாமல், திரும்பப் போய்ப் பெரியவரிடமே கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. அருவியைக் குறிக்காதே, ரதியேயைக் குறி என்றார். வெளியூர்க்காரன் வண்டி ஓட்டும்போது ரோட்டைத்தான் பார்ப்பான், சுவரை அண்ணாந்து பார்க்க மாட்டான். சுவரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும்.

அன்றிரவே போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் அந்தச் சாலை எந்தத் தடையும் இல்லாத சாதாரணச் சாலையாக ஓடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே தரைப்பாலம், வெள்ளத்தில் முங்கும் என்று இரண்டையும் சேர்த்தேன். அந்த வாரம் முழுவதும் அருவி தேடவில்லை. லைடாரில் ஓடைகளும் சாலைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பாலமா ரதியேயா என்று அண்ணனையும் தெரிந்தவர்களையும் கேட்டுக் கேட்டுக் குறித்தேன். சந்தேகம் இருந்த ஆறு இடங்களுக்கு வண்டியில் போய் வந்தேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலைதான் நடக்கிறது. குடியிருப்பின் பெயரை இங்கே எழுதாததற்கும் காரணம் பெரியவர் சொன்னதுதான்.

23ஆம் எண்ணை என் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டேன். ‘எந்தப் படத்தில் தெரிந்தது’ என்ற இடத்தில் இப்போது தேதிகள் இருக்கின்றன. பெரியவரின் பேரன் சேன்ட் ஆந்த்ரேவில் படிக்கிற பையன், வாரக்கடைசியில் தாத்தா வீட்டில் இருப்பான். சுவரில் வெள்ளை வந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புவான், ஒரே சொல், ‘வந்துவிட்டது’ என்று. மற்ற நாட்களில் பெரியவரே தொலைபேசியில் கூப்பிடுவார். இந்த மழைக்காலத்தில் இதுவரை நான்கு தேதிகள். அந்த நான்கு நாட்களின் செயற்கைக்கோள் படங்களையும் நேற்று தேடிப் பார்த்தேன். இரண்டு நாள் அது இந்தப் பக்கம் வரவே இல்லை. மற்ற இரண்டு நாளும் சலாசி முழுக்க மேகம்.